அக்கார்டியன் கிளப்பின் மாத மாலையும் செய்திமடலும்: ஏற்பாடு செய்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி

வடக்கு இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் சிறு நகரத்தில் மாதம் ஒரு முறை அக்கார்டியன் (நெஞ்சில் மாட்டி, துருத்தியை இழுத்து அமுக்கி வாசிக்கும் கருவி) கிளப் கூடுகிறது. இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், நடுவே ஒன்றிரண்டு பள்ளிப் பிள்ளைகள். ஆறு வருடமாக அந்த மாலையை ஏற்பாடு செய்வதும் அதற்கான செய்திமடலை எழுதுவதும் என் பொறுப்பு. இந்த நாட்டில் இப்படிப்பட்ட கிளப்புகளில் புதிதாகச் சேர்ந்த கையோடு "அடுத்த மாதம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொறுப்பு தலையில் வந்துவிடும். அப்படி மாட்டியவர்களுக்காக எழுதுகிறேன்.

கீழே உள்ள படிகளை ஒரே நோக்கத்தோடு வரிசைப்படுத்தியிருக்கிறேன். அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை வருகிறவர், வீடு திரும்புவதற்குள் ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து வாசித்திருக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனவர் மறுபடி வந்தது மிக அரிது. ஹால், நாற்காலி, செய்தி, தேநீர் எல்லாமே கடைசியில் இந்த ஒன்றுக்காகத்தான்.

1. கூடும் நாளை மாற்றாதீர்கள்

"மாதத்தின் இரண்டாவது செவ்வாய்" என்பது போல ஒரு நாளை முடிவு செய்து, அதை வருடம் முழுக்க வைத்திருங்கள். செய்தி படிக்காதவர்களும் பழக்கத்தில் வந்துவிடுவார்கள் என்பதுதான் காரணம். ஒரு முறை விடுமுறையைக் காரணமாக வைத்து ஒரு வாரம் தள்ளினேன். மின்னஞ்சல் போட்டேன், தொலைபேசியிலும் சொன்னேன். இருந்தும் ஏழு பேர் மழையில், பூட்டிய கதவுக்கு முன்னால், பெட்டியோடு நின்றிருக்கிறார்கள்.

செப்டம்பர் முதல் ஜூன் வரைக்குமான பத்து நாட்களையும் ஒரே தடவையில் ஹாலுக்குப் பதிவு செய்துவிடுங்கள். மாதா மாதம் பதிவு செய்தால் ஏதாவது ஒரு மாதம் இன்னொருவர் முந்திக்கொள்வார். சாவி யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரைக் கேட்பது என்று இரண்டு பெயரை அன்றே எழுதி வாங்குங்கள்.

2. ஹாலில் முதலில் பார்க்க வேண்டியது நாற்காலி

தேவாலய ஹால், ஊர்ப் பொது மண்டபம், விளையாட்டுக் கிளப்பின் பின்னறை என்று எது கிடைத்தாலும் சரி. முதலில் நாற்காலியைப் பாருங்கள். கைப்பிடி இல்லாத, நிமிர்ந்து உட்காரக்கூடிய நாற்காலிதான் வேண்டும். உட்கார்ந்து வாசிக்கும்போது அக்கார்டியனின் துருத்தி இடது தொடைமேல் இருந்து இடப்பக்கமாக விரியும். கைப்பிடி இருந்தால் துருத்தி அதில் இடிக்கும், வலது பக்கக் கட்டைகளும் சரியான இடத்தில் நிற்காது. பல ஹால்களில் மெத்தென்ற கைப்பிடி நாற்காலிகளைப் பெருமையாகக் காட்டுவார்கள். மடக்கு நாற்காலி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது படிக்கட்டு. இடது கைக்கு 120 பேஸ் பொத்தான் (தாழ்ந்த ஒலிக்கும் துணைச் சுரங்களுக்கும் உள்ளவை) கொண்ட முழு அளவு அக்கார்டியன் பெரும்பாலும் 10 கிலோ அளவில் இருக்கும், பெட்டியோடு இன்னும் கூடும். எழுபது வயதுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது. கார் வாசல்வரை வருமா, தரைத்தளமா, கதவு அகலமா என்று பாருங்கள்.

ஒலியையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். ஒரு அக்கார்டியனை எடுத்துப்போய் இரண்டு நிமிடம் வாசித்தால் போதும். கல் தரையும் உயரமான கூரையும் உள்ள இடத்தில் ஒன்று வாசிக்கும்போதே எதிரொலி வந்தால், பதினைந்து சேர்ந்து வாசிக்கும்போது தாளம் கலங்கிவிடும். கம்பளமும் திரைச்சீலையும் உள்ள சின்ன ஹால் பார்வைக்குச் சாதாரணமாக இருந்தாலும் இசைக்கு அதுவே நல்லது.

3. அனுமதியும் பணமும்

இது சலிப்பான பகுதிதான். ஆனால் ஒரு முறை ஒழுங்காக முடித்தால் வருடம் முழுக்கத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்தில் மதுவுக்கும் நிகழ்ச்சிகளுக்குமான உரிமச் சட்டம் வேறு.

ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசைக்கு, காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை பொழுதுபோக்கு உரிமம் தேவையில்லை. 2012-ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டம் அதைத் தளர்த்திவிட்டது. காப்புரிமை உள்ள பாட்டுகளை வாசிப்பதற்கான அனுமதி அதிலிருந்து வேறுபட்டது. அதை பிபிஎல் பிஆர்எஸ் நிறுவனம் 'தி மியூசிக் லைசென்ஸ்' என்ற பெயரில் தருகிறது. பெரும்பாலும் ஹால்காரரிடமே இருக்கும். "உங்கள் லைசென்ஸில் எங்கள் மாலையும் அடங்குமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ராஃபிள் (பரிசுக் குலுக்கல்) சீட்டை அந்த மாலையில், அந்த இடத்தில் மட்டும் விற்றால் தனி உரிமம் வேண்டாம். வசூலிலிருந்து பரிசுக்கு 500 பவுண்டுக்கு மேலும், மற்ற செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது. வருமானம் தனி ஆள் எவருக்கும் போகக் கூடாது. மது விற்க நினைத்தால், உரிமம் இல்லாத ஹாலில் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு, குறைந்தது 10 வேலை நாள் முன்னதாக உள்ளாட்சி மன்றத்துக்குப் போக வேண்டும். நாங்கள் தேநீரோடு நிறுத்திக்கொண்டோம், அந்தத் தொல்லையே இல்லை.

நுழைவுப் பணத்துக்குச் சில்லறை கொண்டுவாருங்கள். முதல் தடவை வருபவரிடம் பணம் வாங்காதீர்கள். அவர் பையைத் துழாவும் நேரத்தில் நீங்கள் அவருடைய பெயரைக் கேட்டிருக்கலாம்.

4. மூன்று வாரம் முன்: முதல் செய்தி

செய்திமடல் இரண்டு தடவை போக வேண்டும். மூன்று வாரம் முன்பு முழு மடல், இரண்டு நாள் முன்பு மூன்று வரி நினைவூட்டல். முழு மடலைப் பார்த்துத்தான் பாட்டைப் பழகத் தொடங்குவார்கள், அதற்கு அவகாசம் வேண்டும். அன்று வீட்டை விட்டுக் கிளம்ப வைப்பது நினைவூட்டல். இரண்டில் எது இல்லாவிட்டாலும் கூட்டம் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

மடலின் மேலேயே, முதல் நான்கு வரிக்குள், கிழமை, தேதி, நேரம், இடம் நான்கும் வந்துவிட வேண்டும். "அடுத்த செவ்வாய்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஞாயிறு படிப்பவருக்கு ஒரு செவ்வாய், புதன் படிப்பவருக்கு வேறு செவ்வாய். "செவ்வாய், 14-ஆம் தேதி, மாலை 7:30" என்று எழுதுங்கள். அஞ்சல் குறியீடு, எந்த வாசல் திறந்திருக்கும், கார் எங்கே நிறுத்தலாம் என்பதும் ஒவ்வொரு மடலிலும் வர வேண்டும். பழையவர்களுக்குத் தெரியும்தான். ஆனால் மடல் கை மாறி ஒரு புதியவரிடம் போகும்போது அவருக்குத் தெரியாது.

அப்புறம், இந்த மாதம் எல்லோரும் சேர்ந்து வாசிக்கப்போகும் பாட்டுகள் எவை, எந்தச் சுருதியில் என்று எழுதுங்கள். இதற்கடுத்து ஒரு வரியைத் தவறாமல் சேருங்கள்: "வாசிக்கத் தெரியாதவர்களும் வரலாம், அக்கார்டியன் இல்லாதவர்களும் வரலாம், அன்று ஒரு சின்ன அக்கார்டியன் ஹாலில் இருக்கும்." புதியவர்களில் பாதிப் பேர் தயங்குவது இந்த விஷயத்தில்தான்.

அனுப்பும்போது செய்யும் பெரிய தவறு, எல்லா முகவரிகளையும் எல்லோருக்கும் தெரியும்படி போடுவது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படியும் அது தவறு, உறுப்பினருக்கும் கோபம் வரும். மறைவுப் பிரதியாகவே (Bcc) அனுப்புங்கள். மின்னஞ்சல் இல்லாத நான்கைந்து பேருக்கு அச்செடுத்து அஞ்சலில் போடுங்கள். எழுத்தின் அளவு 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம்.

5. வாசிப்பவர் பட்டியலைக் காலியிடத்தோடு தயாரியுங்கள்

தனியாகவோ ஜோடியாகவோ வாசிக்க விரும்புவோரின் பெயரை முன்கூட்டியே வாங்குங்கள். ஒருவருக்கு இரண்டு பாட்டு, அல்லது எட்டு நிமிடம். இந்த அளவை முதலிலேயே சொல்லிவிட்டால் அன்று யாரையும் நிறுத்த வேண்டியிருக்காது. சொல்லாமல் விட்ட ஒரு மாலையில் ஒரு நல்ல மனிதர் அரை மணி நேரம் வாசித்தார். கடைசியில் வாசிக்க வேண்டிய பன்னிரண்டு வயதுப் பெண், அப்பாவோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றைய தவறு என்னுடையது, அவருடையது இல்லை.

பட்டியலில் இரண்டு இடத்தைக் காலியாக வையுங்கள், அதுவும் முதல் பாதியில். அன்று துணிவு வந்து கை தூக்குகிறவருக்கு அந்த இடம். இரண்டாம் பாதியில் வைத்தால் காத்திருந்தே அந்தத் துணிவு கரைந்துவிடும்.

நன்றாக வாசிப்பவரை முதலில் விடாதீர்கள். அவருக்குப் பிறகு எழுந்து வர யாருக்கும் கால் வராது. நடுத்தரமாக, சிரித்த முகத்தோடு வாசிக்கிறவர்தான் தொடங்க வேண்டும்.

6. கூட்டு வாசிப்பு: இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்

பதினைந்து அக்கார்டியன்கள் ஒரே பாட்டை வாசித்தால் பிரமாதமாக இருக்கும் என்று நினைப்போம். முதல் தடவை அது ஒரு இரைச்சலாகத்தான் வரும். அதற்கு மூன்று காரணம் உண்டு, மூன்றையும் சரிசெய்ய முடியும்.

முதல் காரணம் ரிஜிஸ்டர் சுவிட்ச். அக்கார்டியனில் ஒரு கட்டையை அழுத்தினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் சின்ன உலோக நாக்கு) வரை ஒலிக்கும். எத்தனை ஒலிக்க வேண்டும் என்பதை அந்தச் சுவிட்ச்தான் முடிவு செய்கிறது. முசெட் வகையில், ஒரே சுரத்துக்கான ரீட்களைக் கொஞ்சம் விலக்கிச் சுருதி கூட்டியிருப்பார்கள். அந்த நடுக்கம் தனியாகக் கேட்க அழகு. ஆனால் ஒவ்வொரு அக்கார்டியனிலும் அந்த விலகல் வேறு வேறு. அதற்கு மேல், அடிப்படைச் சுருதியே ஒன்றில் 440 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் 442 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். எல்லாம் சேர்ந்தால் சுரம் எங்கே இருக்கிறது என்றே காதுக்குப் பிடிபடாது.

ஆகவே எல்லோரையும் 'கிளாரினெட்' சுவிட்சுக்குப் போகச் சொல்லுங்கள். அதில் ஒரே ஒரு ரீட்தான் ஒலிக்கும். பெயர் தெரியாதவருக்கு அடையாளம் சொல்லுங்கள்: இரண்டு குறுக்குக் கோடு போட்ட வட்டம், அதில் நடு அடுக்கில் மட்டும் ஒரு புள்ளி. கீழ் அடுக்கில் புள்ளி இருந்தால் பாசூன், மேல் அடுக்கில் இருந்தால் பிக்கலோ. சுவிட்சே இல்லாத சின்ன அக்கார்டியன் வைத்திருப்பவர் மெதுவாக வாசித்தால் போதும்.

இரண்டாவது காரணம் இடது கை. பேஸ் பொத்தான்களை எல்லோரும் அழுத்தினால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடும். தாழ்ந்த ரீட்கள் பெரியவை, ஒலிக்கத் தொடங்கக் கொஞ்சம் நேரம் எடுப்பவை, அதனால் தாளமும் பின்னால் இழுக்கும். கூட்டு வாசிப்பில் இடது கை துருத்தியை இயக்க மட்டுமே. பேஸ் ஒருவருக்கு, அதிகபட்சம் இருவருக்கு. யார் அந்த ஒருவர் என்று முன்பே பெயர் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஆளாளுக்குத் தான்தான் அந்த ஒருவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது காரணம் வேகம். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்றால் தானாகவே ஓட்டம் பிடிக்கும். குழுவில் மிக மெதுவாகப் பழகுபவர் எந்த வேகத்தில் வாசிக்கிறாரோ அதுதான் வேகம். தொடங்கும் முன் இரண்டு பார் (தாளத்தின் இரண்டு சுற்று) முழுதாக எண்ணுங்கள். வால்ட்ஸ் என்றால் "ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று". ஒரு பார் மட்டும் எண்ணினால் பாதிப் பேர் துருத்தியைக் கொஞ்சம் திறந்து தயாராவதற்குள் பாட்டு தொடங்கிவிடும்.

பாட்டுத் தேர்வில் சி, ஜி, எஃப் சுருதிகளோடு நில்லுங்கள். மூன்று பாட்டு போதும்: ஒரு வால்ட்ஸ், ஒரு அணிவகுப்பு நடை, ஒரு போல்கா. மூன்றும் எல்லோருக்கும் கேட்டுப் பழகிய மெட்டாக இருக்கட்டும். ஐந்தாறு பாட்டு வைத்து ஒன்றையும் முடிக்காமல் விட்ட மாலைகள் எனக்கு உண்டு.

இசைத்தாள் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கிய ஒரு பிரதியை இருபது பேருக்கு நகலெடுக்க அனுமதி கிடையாது. இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டு ஆகும்வரை காப்புரிமை உண்டு. மெட்டு பழைய நாட்டார் மெட்டாக இருந்தாலும், அதற்கு ஒருவர் புதிதாக எழுதிய இசைக்கோர்வைக்குத் தனிக் காப்புரிமை இருக்கும். நாங்கள் நாட்டார் மெட்டுகளை நாங்களே எழுதி, நாங்களே பாகம் பிரித்துக்கொள்கிறோம். முதல் பாகம் மெட்டு, இரண்டாம் பாகம் அதற்குக் கீழே, மூன்றாம் பாகம் பாருக்கு ஒரு நீண்ட சுரம் மட்டும். அந்த மூன்றாம் பாகம் யாருக்கு என்பது ஒன்பதாம் பகுதியில் வரும்.

7. அன்று மாலை: கதவு திறக்கும் முன்

தொடக்கம் 7:30 என்றால் 6:15-க்கே ஹாலில் இருங்கள். முதல் வேலை வெப்பத்தைப் போடுவது. குளிர்ந்த காரிலிருந்து வரும் அக்கார்டியன் சூடான ஹாலுக்குள் வந்ததும் உள்ளே ஈரம் படியும். ரீட்கள் எஃகு, ஈரத்தில் துருப் பிடிக்கும். ஆகவே பெட்டிகள் வந்ததும் மூடியபடியே கால் மணி நேரம் ஹாலில் இருக்கட்டும், பிறகு திறக்கலாம். இதே காரணத்துக்காக அக்கார்டியனை இரவு முழுக்கக் காரில் விடக் கூடாது என்று புதியவர்களிடம் சொல்லுங்கள். கோடையில் ஆபத்து வேறு மாதிரி: ரீட்களைப் பிடித்து வைத்திருக்கும் மெழுகு வெயிலில் இளகிவிடும்.

அடுத்து நாற்காலி அடுக்குங்கள். நேர் வரிசை வேண்டாம், அரைவட்டம் போடுங்கள். ஒவ்வொருவரின் இடப்பக்கத்திலும் ஒரு முழங்கை அளவுக்கு மேல் இடம் விடுங்கள். துருத்தி அந்தப் பக்கம்தான் விரியும். நெருக்கி அடுக்கினால் துருத்தியைப் பாதியே திறப்பார்கள், காற்று போதாமல் நீண்ட சுரம் நடுவில் அறுந்துவிடும்.

இசைத்தாள் தாங்கிகளுக்குத் துணிக் கிளிப் கொண்டுபோங்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் தாள் பறக்கும். வாசலுக்கு அருகே, எல்லோருக்கும் தெரியும்படி, வரவேற்க ஒரு ஆள் நிற்க வேண்டும். அவருக்கு அன்று வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

8. நிகழ்ச்சி வரிசை

பல மாற்றங்களுக்குப் பிறகு எங்களுக்கு ஒத்துவந்த வரிசை இது. 7:30-க்கு வரவேற்பு, ஐந்து நிமிடச் செய்தி. 7:35-க்கு முதல் கூட்டுப் பாட்டு. 7:45 முதல் 8:30 வரை தனி வாசிப்பு, காலியிடம் இரண்டும் இதற்குள். 8:30 முதல் 9 மணி வரை தேநீர். பிறகு ராஃபிள் குலுக்கல், இரண்டாம் சுற்றுத் தனி வாசிப்பு, கடைசியில் மீதி இரண்டு கூட்டுப் பாட்டு. 10 மணிக்கு முடிவு.

கூட்டுப் பாட்டை ஏன் முதலிலேயே வைக்கிறோம்? தனியாக எழுந்து வாசிக்கும் முன் எல்லோரும் ஒரு தடவை கூட்டத்துக்குள் வாசித்துவிட்டால் விரல் நடுக்கம் போய்விடும். முன்பு நாங்கள் கடைசியில் மட்டும் வைத்திருந்தோம், அதற்குள் பாதிப் பேர் பெட்டியை மூடியிருப்பார்கள்.

செய்தி ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. உடம்பு சரியில்லாதவர் யார், அடுத்த மாதம் யார் வருகிறார்கள், என்ன விற்பனைக்கு இருக்கிறது என்பது போதும். நிதிக் கணக்கு, நிர்வாகச் சண்டை எதையும் இந்த நேரத்தில் எடுக்காதீர்கள். அதற்கு ஆண்டுப் பொதுக்கூட்டம் இருக்கிறது.

9. புதியவரை எப்படி வாசிக்க வைப்பது

வாசலில் நிற்பவர் பெயரைக் கேட்டதும், அடுத்த கேள்வி "எவ்வளவு நாளாக வாசிக்கிறீர்கள்?" என்று இருக்கக் கூடாது. அது தேர்வு போல இருக்கிறது. "பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறீர்களா? எந்த அளவு?" என்று கேளுங்கள். அக்கார்டியன்காரர்கள் தங்கள் பெட்டியைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசுவார்கள்.

பிறகு ஒரு துணையை ஒதுக்குங்கள். கிளப்பில் மிக நன்றாக வாசிப்பவர் வேண்டாம், போன வருடம் சேர்ந்தவர் போதும். அவருக்குத்தான் அந்தத் தவிப்பு இன்னும் நினைவிருக்கும்.

துணை முதலில் பார்க்க வேண்டியது தோள்வார். வாங்கிய நாளில் இருந்த நீளத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள், அக்கார்டியன் வயிற்றுக்கு இறங்கி முதுகு வலிக்கும். வாரை இறுக்கி, அக்கார்டியன் நெஞ்சோடு ஒட்டி நிற்கும்படி செய்யுங்கள். பெரும்பாலோருக்கு இடது வார் வலதைவிடக் கொஞ்சம் குட்டையாக இருந்தால் வசதி.

இரண்டாவது துருத்தி. எந்தக் கட்டையையும் அழுத்தாமல் துருத்தியைப் பலவந்தமாக இழுப்பதும் அமுக்குவதும் புதியவர்கள் செய்யும் தவறு. காற்றுப் பொத்தான் இடது கட்டை விரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. திறக்கும்போதும் மூடும்போதும் அதை அழுத்தச் சொல்லுங்கள். எழுந்து நடக்கும் முன் மேலும் கீழும் உள்ள தோல்பட்டைகளைப் பூட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் துருத்தி தானாகத் தொங்கித் திறந்துவிடும்.

ஹார்மோனியம் வாசித்த நம் ஆட்கள் வந்தால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இரண்டிலும் ரீட் வழியே காற்றுப் போய்த்தான் ஒலி வருகிறது, அதனால் வலது கை சீக்கிரம் வந்துவிடும். ஆனால் இங்கே கட்டைகள் கண்ணுக்கு முன் படுத்திருக்காது, நெஞ்சோரம் செங்குத்தாக நிற்கும். எட்டிப் பார்த்துக்கொண்டே வாசித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அப்புறம், ஹார்மோனியத் துருத்தி காற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், கை நின்றாலும் ஒலி கொஞ்ச நேரம் நிற்கும். அக்கார்டியனில் கை நின்றால் ஒலியும் நின்றுவிடும்.

இப்போது வாசிப்பு. கொஞ்சம் பழகியவர் என்றால் கூட்டுப் பாட்டில் மூன்றாம் பாகத்தைக் கொடுங்கள், பாருக்கு ஒரு சுரம்தான். முற்றிலும் புதியவர் என்றால் தேநீருக்கு முன் காலியாக விட்ட இடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துணை வலது கையால் ஒரு வால்ட்ஸ் மெட்டை வாசிப்பார். புதியவர் இடது கையால் பேஸ் மட்டும். பேஸ் பக்கத்தில் சி பொத்தானில் ஒரு சின்னக் குழியோ கல்லோ இருக்கும், விரல் தடவியே கண்டுபிடிக்கலாம். ஒரு தடவை அந்த சி, பிறகு இரண்டு தடவை அதற்கடுத்த வரிசையில் இருக்கும் சி மேஜர் பொத்தான். அந்த மூன்று அடியே வால்ட்ஸ் தாளம். மோவாய்ப் பக்கமாக ஒரு பொத்தான் ஏறினால் ஜி. அந்த இரண்டு இடமே பல எளிய மெட்டுகளுக்குப் போதும். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். அன்று கைத்தட்டல் கொஞ்சம் அதிகமாகவே வரும், வரட்டும்.

மறுக்கிறவரை வற்புறுத்தாதீர்கள். இடைவேளையில் பக்கத்து அறையில், துணையோடு மட்டும், பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அதுவும் வாசித்ததுதான்.

10. தேநீர் இடைவேளை அரை மணி நேரம்

பதினைந்து நிமிடம் போதாது. தண்ணீர் கொதிக்கவே அவ்வளவு நேரம் ஆகும், பேச நேரம் இருக்காது. 8 மணிக்கே தண்ணீரைப் போட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் கெட்டில் இரண்டும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் போகும். எந்த இணைப்பில் எதைச் செருகுவது என்று முன்பே பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் கையில் எந்த வேலையும் இல்லாமல் மேசை மேசையாக நீங்கள் நடக்க வேண்டும். அடுத்த மடலுக்கான செய்தி எல்லாம் இங்கேதான் கிடைக்கும்: யாருக்கு மூட்டு அறுவை, யார் பேத்தி தேர்வில் தேறினாள், யார் பெரிய அக்கார்டியனை விட்டு 72 பேஸுக்கு இறங்கியிருக்கிறார். சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனால் பாதி மறந்துவிடும்.

11. முடிந்த பின்: இரண்டு நாளுக்குள் எழுதுங்கள்

மாலை பற்றிய செய்தியை 48 மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள், அனுப்புவது பிறகு இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் "இனிய மாலையாக அமைந்தது" என்பதுதான் மிஞ்சும்.

வாசித்த எல்லோருடைய பெயரும் வர வேண்டும், ஒருவர்கூட விடுபடக் கூடாது. பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பான சொல் எழுதுங்கள். "அருமையாக வாசித்தார்" என்பதைவிட "போல்காவின் இரண்டாம் பகுதியை இந்த முறை நிறுத்தாமல் கடந்தார்" என்ற வரியை அவர் வெட்டி வைத்துக்கொள்வார். தேநீர் போட்டவர், நாற்காலி மடக்கியவர் பெயரும் வரட்டும்.

நோய், மரணம் பற்றிய செய்தியைக் குடும்பத்தாரிடம் கேட்காமல் எழுதாதீர்கள். நல்ல எண்ணத்தில் நான் எழுதிய ஒரு வரி, இன்னும் சொல்லப்படாத ஒரு உறவினருக்கு மடல் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். படத்துக்கும் அதே விதி. பிள்ளைகள் இருந்தால் பெற்றோரின் அனுமதி எழுத்தில் வேண்டும்.

பழைய அக்கார்டியன் விற்பனை அறிவிப்பில் கட்டை எத்தனை, பேஸ் எத்தனை, எடை எவ்வளவு, கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வாங்குபவரை வந்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டையையும் துருத்தியை இழுக்கும்போது ஒரு தடவை, அமுக்கும்போது ஒரு தடவை சோதிக்க வேண்டும். பியானோ அக்கார்டியனில் (வலது பக்கம் பியானோ போன்ற கட்டைகள் உள்ளது) இரு திசையிலும் ஒரே சுரம்தான், ஆனால் அதற்கு ரீட் தனித் தனி. ஒரு திசையில் மட்டும் கெட்டிருப்பது சகஜம்.

12. சிறப்பு மாலைகள்

டிசம்பர் மாலையில் தனி வாசிப்பைக் குறைத்துக் கூட்டுப் பாட்டைக் கூட்டுங்கள், குடும்பத்தாரும் வந்து பாடுவார்கள். விருந்தினர் ஒருவரை அழைக்கும் மாலையில் அவருக்கு இரண்டாம் பாதி முழுவதும் கொடுங்கள், முதல் பாதி எப்போதும்போல உறுப்பினர்களுக்கே. விருந்தினருக்காக உறுப்பினரின் இடத்தை முழுதாக எடுத்த ஒரு மாலையில் பெட்டி கொண்டுவந்தவர்கள் மூன்றே பேர், மற்றவர்கள் பார்வையாளராகிவிட்டார்கள்.

விருந்தினரின் கட்டணம், பயணச் செலவு, எத்தனை மணிக்கு வருவார், ஒலிபெருக்கி வேண்டுமா என்பதை மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். வெறும் பேச்சில் விட்டால் இருவர் நினைவும் வேறாக இருக்கும்.

ஜூன் மாலையில், எல்லோரும் பெட்டியைப் பூட்டும் நேரத்தில், அடுத்த பருவத்தின் பத்து தேதிகளும் அச்சிட்ட சின்ன அட்டையைக் கையில் கொடுங்கள். பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கிளப் கிடையாது, செய்திமடலும் போகாது. செப்டம்பரில் பெட்டியைத் திறக்கும்போது அந்த அட்டை கண்ணில் படும்.